குதிரைத் தலைச் சின்னமும் ஒரு பொய்ப் பழியும்

மார்கழியில் காலை நடைக்கு நான் போட்டுக்கொண்டு வரும் பச்சை ஜாக்கெட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மருமகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது. அதன் தோளில் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு மஞ்சள் கேடயம், குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, மேல் மூலையில் கறுப்புக் குதிரைத் தலை.

ஒரு நாள் சி பிளாக் நண்பர் அதைக் கவனித்துவிட்டு, "சார், இதைப் போட்டுக்கிட்டா நடக்கறீங்க? சண்டையில பயந்து ஓடினவங்களுக்குத் தண்டனையாக் கொடுத்த சின்னம் சார் இது" என்றார். கொரியப் போரில் அந்தப் படை தன் கொடியை எதிரியிடம் பறிகொடுத்ததாம். அவர்கள் ஒரு நாளும் ஏறாத குதிரை, ஒரு நாளும் தாண்டாத கோடு, கோழைத்தனத்துக்கு மஞ்சள் என்று மூன்றையும் சேர்த்து அவமானச் சின்னமாகத் தைத்துவிட்டார்களாம். நானும் நம்பி ஒரு வாரம் ஸ்வெட்டரோடு நடந்தேன். பிறகு மனசு கேட்காமல் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை அமெரிக்காவிலேயே பல காலமாகச் சுற்றிவருகிறது.

அது அமெரிக்க ராணுவத்தின் 1ஆவது குதிரைப்படை டிவிஷனின் சின்னம். வங்கியில் ஒரு காசோலை வந்தால் நாங்கள் தேதியைப் பார்க்காமல் மேலே போக மாட்டோம். இங்கேயும் தேதியே கதையை உடைத்துவிடுகிறது. சின்னம் ஏற்கப்பட்டது 1921இல். கொரியப் போர் தொடங்கியது 1950இல். 29 வருடம் கழித்து நடக்கப்போகும் தோல்விக்கு யாரும் முன்கூட்டியே தண்டனை தைத்து வைக்க முடியாது அல்லவா?

வரைந்தவர் கிளாடிஸ் ஃபிட்ச் டோர்சி என்ற பெண்மணி. டெக்சாஸில் ஃபோர்ட் பிளிஸ் முகாமில் இருந்த கர்னல் பென் டோர்சியின் மனைவி. கணவரின் பழைய மேலங்கியின் மஞ்சள் உள்துணியைப் பார்த்து நிறத்தை எடுத்தார் என்றும், வீட்டைக் கடந்துபோன ஒரு கருங்குதிரையைப் பார்த்துத் தலையை வரைந்தார் என்றும் சொல்வார்கள். உயரம் 5¼ அங்குலம். பாலைவனப் புழுதியிலும் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதால் இந்த அளவு.

மஞ்சள் எங்கிருந்து வந்தது? 1855இலிருந்தே அமெரிக்கக் குதிரைப்படையின் நிறம் அதுதான். காலாட்படைக்கு நீலம், பீரங்கிப் படைக்குச் சிவப்பு. ஆங்கிலப் பேச்சில் மஞ்சள் என்றால் கோழை என்று ஒரு பொருள் உண்டு. வம்புக்கு அது வசதியாகப் போய்விட்டது. நமக்கு மஞ்சள் மங்களம். ஆனால் 'மஞ்சள் நோட்டீஸ்' என்றால் கடனைத் திருப்பித் தர முடியாமல் கைவிரிப்பது. அதற்காக மஞ்சள் பூசிய கல்யாணப் பத்திரிகை வந்தால் யாராவது பதறுவோமா?

குறுக்குப் பட்டையும் கோடு அல்ல. பிள்ளைகள் ஸ்கூல் பையைக் குறுக்கே மாட்டுகிற மாதிரி, வாளைத் தொங்கவிட வீரர்கள் மார்பில் போடும் வார் அது. ராணுவத்தின் விளக்கத்தில் அது கௌரவத்தின் அடையாளம்.

குதிரை ஏறவில்லை என்பதும் தப்பு. 1943 வரை ஃபோர்ட் பிளிஸில் நிஜக் குதிரைகள்தான். அந்த வருடம் குதிரைகளை விட்டுவிட்டுக் காலாட்படை போலப் பசிபிக் போருக்குப் போனார்கள். 1945 பிப்ரவரியில் மணிலாவுக்குள் முதலில் நுழைந்து, சாண்டோ தோமஸ் முகாமில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த சுமார் 3,700 பேரை விடுவித்ததும் இவர்கள்தான்.

சரி, கொரியாவில் என்ன நடந்தது? 1950 அக்டோபர் 9ஆம் தேதி இந்த டிவிஷன் 38ஆவது அட்சரேகையைத் தாண்டியது. 'தாண்டாத கோடு' என்கிறார்களே, அதுதான். 19ஆம் தேதி பியாங்யாங். நவம்பர் 1ஆம் தேதி இரவு, அதற்கும் வடக்கே உன்சான் என்ற ஊரில், இதன் 8ஆவது ரெஜிமெண்டைச் சீனப்படை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டது. மறுநாள் மீட்கப் போன 5ஆவது ரெஜிமெண்டால் வழியை உடைக்க முடியவில்லை. 800 பேருக்கும் மேல் இழப்பு. அது பெரிய தோல்வி, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொடி பறிபோன கதைக்கு ஆதாரம் கிடையாது. அடுத்த வருடக் கடைசியில் டிவிஷனை ஜப்பானுக்கு மாற்றியதை வைத்து 'துரத்திவிட்டார்கள்' என்றும் பேசினார்கள். துரத்தப்பட்டவர்களை 1957இல் மறுபடி கொரிய எல்லைக் காவலுக்கு அனுப்புவார்களா?

இன்னொரு தவறையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் இறந்த கஸ்டரின் வீரர்கள் இதே பேட்ச் அணிந்திருந்ததாகச் சிலர் படம் வரைகிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் தோள் பேட்ச் வந்ததே 1918இல்.

உன்சானுக்கு வருகிறேன். அங்கே எமில் கபான் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 8ஆவது ரெஜிமெண்டோடு இருந்தார். தப்பிக்க வாய்ப்பு இருந்தும், தூக்கிக்கொண்டு போக முடியாத காயக்காரர்களை விட்டுவிட்டு வர மறுத்து அவர்களோடேயே பிடிபட்டார். கைதி முகாமில் மற்றவர்களுக்காகச் சோறு தேடிக் கொடுத்து, 1951 மே மாதம் அங்கேயே இறந்தார். 2013இல் அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் அறிவித்து வழங்கினார்கள். எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2021இல்தான். ஓடினவர்கள் என்று சொன்னது இவருடைய ரெஜிமெண்டைத்தான்.

நண்பரிடம் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பாதிரியார் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டேன். வரும் மார்கழிக்கும் அதே ஜாக்கெட்தான்.