உப்பு, வெல்லம், தண்ணீர்

திருவந்திபுரம் போயிருக்கிறீர்களா? கடலூருக்குப் பக்கத்தில், கெடிலம் கரையில் தேவநாதப் பெருமாள் கோயில். எதிரே ஔஷதகிரி. மருந்து மலை என்று அர்த்தம். பெருமாளுக்குத் தாகம் எடுத்ததாம். தண்ணீர் கொண்டுவரப் போன கருடனைக் காணோம். ஆதிசேஷன் வாலால் ஓங்கித் தரையில் ஒரு அடி, தீர்த்தம் பொங்கிவிட்டது. அந்தச் சேஷ தீர்த்தக் கிணற்றில் உப்பு, மிளகு, வெல்லம் போட்டு உடம்பு குணமாக வேண்டிக்கொள்கிறார்கள் பக்தர்கள்.

தல புராணத்துக்கும் மெடிக்கல் காலேஜுக்கும் முடிச்சுப் போடப் போகிறேன் என்று பயப்படாதீர்கள். ஆனால் உப்பு, இனிப்பு, தண்ணீர் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஒரு அகதி முகாம்.

1971. பங்களாதேஷ் யுத்தம். எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான ஜனங்கள் மேற்கு வங்கத்தில் குவிகிறார்கள். பங்கான் என்கிற ஊரில் காலரா. டாக்டர் திலீப் மகலனாபிஸிடம் நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துகொண்டே வருகிறது. என்ன செய்வார் மனிதர்? குளுகோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து டிரம் டிரம்மாக வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்து, 'புகட்டுங்கள்' என்றார். நூற்றுக்கு 30 வரை போயிருந்த சாவு, 4-க்கும் கீழே இறங்கியது. டாக்காவில் 1968-லேயே சோதித்துப் பார்த்த வைத்தியம்தான். உலகம் நம்பியது பங்கானுக்குப் பிறகு. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று வாங்குகிற பாக்கெட்டின் கதை இது.

அப்பாடா, வயிற்றுப்போக்கை ஜெயித்தாச்சு என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வில்லன். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து குழந்தைக்கும் அது போகும். எதிர்ப்புச் சக்தி குறைந்த அந்தக் குழந்தைகளுக்குச் சாதாரண பேதியே எமன். இரண்டு நாளில் நிற்க வேண்டியது வாரக்கணக்கில் நீளும். எடை சரியும். அடுத்த நோய் உள்ளே வரும்.

தாய்ப்பாலிலும் வைரஸ் இருக்கிறதே? அப்படியானால் புட்டிப்பால் கொடுத்துவிடலாம்! நியாயமான யோசனைதான். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா அரசாங்கம் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்குப் பால் பவுடரை இலவசமாகவே கொடுத்தது.

பி.காம். படித்தவன் புத்தியில் சொல்கிறேன். கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டார்கள். 2006 ஆரம்பத்தில் அங்கே பேய் மழை. தண்ணீர் கெட்டது. அந்தத் தண்ணீரில்தான் பவுடரைக் கரைக்க வேண்டும். சில மாதங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பேதியில் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைகளைப் பற்றி விசாரித்தார்கள். பத்துக்கு ஒன்பது தாய்ப்பால் குடிக்காதவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எச்.ஐ.வி. தொற்றவே இல்லை! எதிலிருந்து காப்பாற்றப் பார்த்தார்களோ, அதிலிருந்து தப்பித்துவிட்ட பிள்ளைகள். கொண்டுபோனது புட்டித் தண்ணீர்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ரூட்டை மாற்றியது. தாய்க்கு ஏ.ஆர்.டி. மருந்து கொடு, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடு, தாய்ப்பாலையும் கொடு. இந்தியாவிலும் இப்போது அதுதான் வழி. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இங்கே ஏ.ஆர்.டி. மருந்தை அரசே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1. ஆரம்ப மையங்களில் ஒன்று நம் தாம்பரம் சானடோரியம்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். சோறு ஊட்டும் முன்பும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. ரோட்டா தடுப்பு மருந்து. தமிழக அரசு 2017 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. டாக்டர் எழுதித் தரும் கோ-டிரைமாக்ஸசோல் நாள் தவறாமல். அப்படியும் பேதி வந்துவிட்டால் உடனே ஓ.ஆர்.எஸ்., கூடவே துத்தநாக மாத்திரை, டாக்டரிடம் ஓட்டம்.

அடுத்த முறை திருவந்திபுரம் போனால் கிணற்றடியில் தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்க் குடத்தை மூடி வையுங்கள்.