கம்பத்தில் ஏறி வந்த இணையம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லார் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. சுற்றுலா வருகிறவர்கள் பனியையும் புல்மேட்டையும் பார்த்துவிட்டு அன்றைக்கே இறங்கிவிடுவார்கள். எஸ்டேட் லயங்களில் இருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு மலைதான் ஊர். அவர்களில் தமிழர்களும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களுக்குச் செல்பேசி நிறுவனங்கள் லேசில் வருவதில்லை. டவருக்குப் போட்ட பணத்தைச் சில லயங்களின் ரீசார்ஜில் எடுக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. டவர் வந்தாலும் நடுவே ஒரு மலைமடிப்பு குறுக்கிட்டால் அந்தப் பக்கத்து வீட்டில் சிக்னல் கிடைக்காது.

இந்தக் கணக்கைத் தள்ளிவைத்தபோதுதான் கேரள அரசின் கண்ணாடி இழை இணையத் திட்டமான கே-ஃபோன் பிறந்தது. 2017 மார்ச்சில் கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் தமது பட்ஜெட்டில், இணையம் குடிமக்களின் உரிமை என்றார். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு அதை இலவசமாகத் தருவோம் என்றார். அதே ஆண்டு மே 29 அன்று கேரளம் முழுவதும் மின்சாரம் பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கரண்ட் கம்பம் போகாத ஊர் அநேகமாக இல்லை என்றால், இணையத்துக்கென்று ஏன் தனியாகப் பள்ளம் தோண்ட வேண்டும்? மின்கம்பங்களிலேயே இணையக் கேபிளை இழுத்துக் கட்ட மின்வாரியமும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன.

அந்தக் கேபிளைக் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கறுப்பாக, ஒல்லியாக இருக்கும். உள்ளே முடியிழை போன்ற கண்ணாடி இழைகள். தகவல் அவற்றில் ஒளியாக ஓடுகிறது. தன் எடையைத் தானே தாங்க உறுதியான நார் உண்டு. உலோகம் துளியும் கிடையாது. மின்கம்பிக்குப் பக்கத்திலேயே அதை இழுத்துக் கட்ட முடிவது இதனால்தான். துணை மின்நிலைய வளாகங்களில் 375 சிற்றறைகள் அமைத்து, அங்கிருந்து சுமார் 30,000 அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுப்பது என்பது திட்டம்.

மலைப்பள்ளிகளை எட்டும் முயற்சி கேரளத்தில் இதற்கும் முன்பே தொடங்கியிருந்தது, அதுவும் வானத்திலிருந்து. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2005 ஜூலை 28 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் விக்டர்ஸ் சேவையைத் தொடங்கிவைத்தார். கிராமப் பள்ளிகளை எஜுசாட் வழியாக ஒரே வகுப்பறையாக்குவது அதன் நோக்கம். ஆசிரியர் தலைநகரில் பேசுவார், மாணவர் தொலைவிலிருந்து கேள்வி கேட்கலாம். 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்ப வேண்டியிருந்ததால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடி இடைவெளி விழும். 2010-இல் எஜுசாட்டின் ஆயுள் முடிந்தது. விக்டர்ஸ் தொலைக்காட்சியாக நிலைத்தது.

அதன் அருமை 2020 ஜூன் 1 அன்று தெரிந்தது. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக்கிடக்க, 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் விக்டர்ஸில் தொடங்கின. பாடம் டிவியில் வந்தது. வீட்டுப்பாடமும் சந்தேகமும் செல்பேசியில்தான். மலையோரப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடேறிப் போனார்கள். இணையம் கல்வியுரிமையின் ஒரு பகுதி என்று விடுதி மாணவி ஒருவரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. தீர்ப்பு 2019 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. அதைச் செயலாக்கும் கம்பிதான் வந்து சேரவில்லை.

கே-ஃபோன் இழுத்துக்கொண்டே போய் 2023 ஜூன் 5 அன்று திறக்கப்பட்டது. முதல் கட்டமாகச் சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு, ஆக 14,000 வீடு. 20 லட்சம் என்று சொல்லிவிட்டு இவ்வளவில் தொடங்கியது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் இலவச இணைப்பு யாருக்கு என்று வகுத்த முறை சரி. லாபம் வரும் தெருவைத் தேடாமல் ஏழை வீட்டைத் தேடிப்போகும் இணைய நிறுவனத்தை ஓர் அரசு தானே உண்டாக்கியது சாதாரணக் காரியம் அல்ல.

கம்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2022 செப்டம்பர் மழையில் பொன்முடிச் சாலை பன்னிரண்டாம் வளைவருகே இடிந்து, மேலே இருந்தவர்கள் துண்டிக்கப்பட்டார்கள். சாலையோரம் ஏறும் கம்பிக்கும் சாலையின் கதிதான். ஆம்புலன்சைக் கூப்பிட இணைப்பு மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது அறுந்துபோகும். அதனால் மலைக்கு இரண்டாவது வழி ஒன்று வேண்டும், அது வானம்தான்.

அந்த வழியின் ஒரு பகுதி பொன்முடிப் பாதையிலேயே உருவானது. நெடுமங்காட்டுக்கு அருகே வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்து அமைப்பு மையம் இருக்கிறது. எல்விஎம்-3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை வடிவமைத்தவர்கள் அங்கிருப்பவர்கள். அது சோதிக்கப்பட்டது மலைத்தொடருக்குக் கிழக்கே, நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில். உக்ரைன் போரால் ரஷ்ய ராக்கெட்டுகள் கைவிட்டுப் போனபோது செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஒன்வெப் இந்தியாவிடமும் வந்தது. 2022 அக்டோபர் 23, 2023 மார்ச் 26 என இரண்டு எல்விஎம்-3 ஏவுதல்களில் அதன் 72 இணையச் செயற்கைக்கோள்கள் மேலே போயின. இவை சுற்றுவது 1,200 கிலோமீட்டர் உயரத்தில் என்பதால் எஜுசாட் காலத்து அரை நொடித் தாமதம் இவற்றில் இல்லை. லயத்துக் கூரையில் சிக்னல் வாங்கும் ஒரு தட்டு, ஒரு சூரியத் தகடு, ஒரு பேட்டரி இருந்தால் சாலை இடிந்த இரவிலும் மருத்துவரைப் பார்த்துப் பேசலாம்.

மிஞ்சியிருப்பது விலை. ஏழைத் தொழிலாளியின் கூலியில் தட்டு வாங்க முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 மே மாதம் அளித்த பரிந்துரையில், தாழ்ந்த சுற்றுப்பாதை நிறுவனங்கள் வருவாயில் 4 சதவீதமும், அதற்கு மேல் நகர்ப்புறச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாயும் கட்ட வேண்டும் என்றது. கிராமத்துச் சந்தாதாரருக்கு அந்த 500 இல்லை. இந்தச் சலுகையோடு நிற்காமல் லயங்களுக்கும் ஆதிவாசிக் குடியிருப்புகளுக்கும் ஊருக்கு ஒரு தட்டை அரசே வாங்கிக் கொடுக்க வேண்டும். அதைக் கே-ஃபோனுடன் இணைத்துவிட்டால் கம்பி அறுந்த நேரத்தில் வானம் கைகொடுக்கும்.