மணல் நாட்டின் நீர்க்கணக்கு



சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் தாண்டினால், எங்கள் ஊராகிய படாளம் வரும். அங்கே மேற்கு நோக்கிப் பிரியும் சாலை வேடந்தாங்கலுக்குச் செல்வது. ஏரிகளுக்குப் பேர்போன சீமை எங்களுடையது. ஒரு புறம் மதுராந்தகம் ஏரி, மறு புறம் உத்திரமேரூர் ஏரி. இடையிலே எண்ணிறந்த சிற்றேரிகள். இத்தகைய நீர்நாட்டில் பிறந்த ஒருவன் பாலை நாட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. அது ஒரு பழைய கடன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வகுப்பில் இராஜஸ்தான வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். கோட்டைகள், முற்றுகைகள், வாள் வீரம் என்று பாடம் விறுவிறுப்பாகவே சென்றது. ஜெய்சல்மேர் நகரம் கி.பி. 1156-இல் தோன்றியது என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தண்ணீரே இல்லாத ஊரில் 800 ஆண்டுகளாக அவர்கள் என்ன குடித்தார்கள்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "இன்னொரு நாள் சொல்கிறேன், உட்கார்" என்றேன். உண்மை யாதெனில் எனக்கு விடை தெரியாது. அந்த இன்னொரு நாள் நான் பணியிலிருந்த காலத்தில் வரவேயில்லை. ஓய்வு பெற்றபின் ஜெய்சல்மேருக்கே சென்று பார்த்தேன். இன்றைய பேச்சு அந்த மாணவனுக்கு நான் தரவேண்டியிருந்த விடையாகும்.

முதலில் பாலை என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது, பாலைக்கு மட்டும் தனி மண் வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அதாவது, பாலை என்பது நிலத்தின் பெயராவதற்கு முன் நிலத்திற்கு நேர்ந்துவிடும் ஒரு நிலையின் பெயர். எந்த நிலத்திற்கும் அது நேரலாம் என்னும் எச்சரிக்கையும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இராஜஸ்தான மண்ணே இதற்குச் சான்று. மாநிலத்தின் வடபால் காளிபங்கன் என்னும் இடத்தில் 1960-களில் அகழ்வாய்வு நடந்தது. ஆராய்ச்சி அறிஞர்களான பி. பி. லாலும் பி. கே. தாப்பரும் அங்கே சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த ஊர் ஒன்றை வெளிக்கொணர்ந்தனர். அதைவிட வியப்பானது, அதற்கும் முற்பட்ட காலத்து உழவர் ஒருவர் ஏரால் கீறிய உழுசால்கள் அப்படியே மண்ணடியில் கிடைத்தமை. ஏறத்தாழ 4800 ஆண்டுகளுக்கு முற்பட்ட வயல் அது. அருகில் ஓடிய ககர் ஆறு இன்று மழைக்காலத்தில் மட்டும் சிறிது நீர் காணும் வறண்ட தடமாகிவிட்டது. ஆறு போனபின் ஊரும் போயிற்று.

இன்றைய இராஜஸ்தானம் இருபதுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் ஒன்றிணைந்து உருவானது. 1949 மார்ச் 30-இல் பெரும்பகுதி இணைந்தது. 1956 நவம்பர் 1-இல் ஆஜ்மீரும் சேர்ந்து இப்போதைய வடிவம் அமைந்தது. பரப்பு 3,42,239 சதுர கிலோமீட்டர். 2000-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசம் பிரிக்கப்பட்டது முதல் இந்தியாவின் மிகப் பெரிய மாநிலம் இதுவே. ஆரவல்லி மலைத்தொடர் இதனைக் குறுக்கே வகுக்கிறது. மலைக்கு மேற்கே விரிந்து கிடப்பது தார்ப் பாலை. எங்கள் செங்கற்பட்டுச் சீமையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் மழை பொழிகிறது. ஜெய்சல்மேரில் அது 20 சென்டிமீட்டரை எட்டுவதே அரிது. ஆறு பங்கு மழை பெறுபவர் நாம். ஒரு பங்கு பெறுபவர் அவர்கள். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு பங்கை அவர்கள் எவ்வாறு காத்தனர்? அங்குள்ளோர் நீரை மூன்று வகையாகப் பிரித்துப் பெயரிட்டுள்ளனர். வானிலிருந்து விழுந்து நிலத்தின்மேல் நிற்பது ஒன்று. ஆழ்கிணற்றில் கிடைப்பது பாதாள நீர். இவ்விரண்டுக்கும் இடையில், மணலுக்கடியிலுள்ள சுண்ணப் படிவம் தடுத்து நிறுத்தும் ஈரக்கசிவு மூன்றாவது. அதற்கு ரேஜாணி என்று பெயர். முதல் வகையாகிய மழைநீருக்கு அவர்கள் இட்ட பெயரைக் கேட்டபோது நான் திடுக்கிட்டேன். அது 'பாலர்' நீர்! எங்கள் பாலாற்றுக்கும் அச்சொல்லுக்கும் உறவு ஏதும் இல்லை. ஒலி ஒத்திருப்பது தற்செயலே. எனினும், ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் பாலாற்றங்கரையிலிருந்து சென்ற எனக்கு அப்பெயர் நெஞ்சில் தைத்தது.

ரேஜாணி நீரை எடுக்க அவர்கள் 'குயி' என்னும் மிகக் குறுகிய கிணறுகளைத் தோண்டினர். ஓர் ஆள் குந்தியிருந்து தோண்டும் அளவே அகலம். அதில் நாளொன்றுக்கு ஊறுவது சில குடம் நீர்தான். வீட்டு முற்றங்களிலும் வயல்களிலும் 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டிகள் உண்டு. சுற்றிலும் தட்டுப்போல் சரிவாக அமைத்த தரையில் விழும் மழை, ஒரு துளியும் வீணாகாமல் நடுவிலுள்ள தொட்டிக்குள் இறங்கும். ஜெய்சல்மேர்ப் பகுதியில் பாலிவால் என்னும் சமூகத்தார் வளர்த்த 'கடீன்' முறை நமக்குப் பழக்கமானதுபோல் தோன்றும். பாறைச் சரிவின் கீழே மண்கரை எழுப்பி ஓடும் நீரைத் தேக்குவர். நீர் மண்ணுக்குள் இறங்கியபின் அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமை விதைப்பர். ஏரிக்கரையைக் கண்டு வளர்ந்தவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். நகருக்குக் குடிநீர் தந்தது 14-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கட்சீசர் ஏரி. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஜெய்சல்மேரின் தாகத்தைத் தணித்தது அதுவே.

நீரைக் காத்தவர்கள் மரத்தையும் காத்தனர். 1485-இல் ஜாம்பேஸ்வரர் என்னும் அருளாளர் 29 நெறிகளை வகுத்தார். இருபதும் ஒன்பதும் என்று பொருள்படும் சொல்லாலேயே அவர் வழி நின்றோர் பிஷ்னோயிகள் எனப்படுகின்றனர். பச்சை மரத்தை வெட்டாமை அந்நெறிகளுள் ஒன்று. 1730-இல் ஜோத்பூர் அரசர் அபய்சிங்கின் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டியிருந்தது. கேஜர்லி என்னும் ஊருக்கு ஆட்கள் கோடரியுடன் வந்தனர். அமிர்தாதேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் நீத்தார். அவருடைய மூன்று மகளிரும் அவ்வாறே மாண்டனர். செய்தி பரவச் சுற்றூர் மக்கள் திரண்டு வந்தனர். மொத்தம் 363 பேர் உயிர் கொடுத்த பின்னரே வெட்டு நின்றது. அவர்கள் காத்த கேஜ்ரி மரம் எது தெரியுமா? நம் கோயில்களில் தல விருட்சமாக வைத்து வணங்கும் வன்னி மரமே அது. அதன் காயை உலர்த்திக் கறி சமைப்பர். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். அதன் நிழலில் கம்புப் பயிர் செழிக்கும்.

இச்செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் வேடந்தாங்கல் நினைவுக்கு வந்தது. அங்கும் எளிய உழவர்களே பறவைகளுக்காகக் குரல் கொடுத்தனர். பறவைகளைச் சுடுவதைத் தடுக்கவேண்டும் என்று அவர்கள் முறையிட, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். படிப்பறிவு குறைந்த காலத்திலும் பட்டறிவு குறையவில்லை.

இனி அந்நாட்டின் பண்பாட்டைச் சிறிது நோக்குவோம். தமிழ் இலக்கணத்தில் பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடித் தலைவன் பிரிந்து செல்வான், தலைவி காத்திருப்பாள். மார்வார், சேகாவதிப் பகுதிகளின் வரலாறும் இதுவே. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபின் பழைய ஒட்டக வணிகப் பாதைகள் தேய்ந்தன. குடும்பத்தை ஊரில் விட்டு, ஆடவர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் சென்றனர். நம் சௌகார்பேட்டையில் கடை வைத்திருப்பவர்களுள் பலர் அவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல்கள். ஈட்டிய பொருளில் சொந்த ஊரில் வண்ணச் சுவரோவியங்கள் நிறைந்த மாளிகைகளைக் கட்டினர். வீட்டில் காத்திருந்த பெண்களின் ஏக்கமோ பாட்டாயிற்று. இப்பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர் லங்கா, மாங்கணியார் என்னும் இசைக்குடியினர். இவர்கள் இசுலாமியர், மாங்கணியாரைப் பேணும் குடும்பங்களோ பெரும்பாலும் இந்துக்கள். பிறப்புக்கும் திருமணத்துக்கும் இவர்கள் வந்து பாடாமல் சடங்கு நிறைவுறாது. அம்மண்ணில் பிறந்த மீராவின் கதையை 1945-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் நடித்த திரைப்படம் தமிழர் இல்லந்தோறும் கொண்டுவந்து சேர்த்தது.

எல்லாம் நன்மையே என்று கூறி உங்களை ஏமாற்ற மாட்டேன். பல ஊர்களில் எல்லாச் சாதியார்க்கும் எல்லாக் கிணறும் திறந்திருக்கவில்லை. குடம் சுமந்து நெடுந்தொலைவு நடந்தவர்கள் பெண்களே. மழை தொடர்ந்து பொய்த்தபோது எந்தச் சிக்கனமும் போதவில்லை. 1899-1900-இல் வந்த பெரும்பஞ்சம், விக்கிரம ஆண்டு 1956-இல் நேர்ந்ததால், 'சப்பனியா', அதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம், என்று இன்றும் நினைக்கப்படுகிறது. மனிதரும் மாடும் கூட்டங் கூட்டமாக மாண்டனர். அதைக் கண்ணால் கண்ட பிகானேர் அரசர் கங்காசிங், சட்லெஜ் ஆற்றின் நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்தார். 1927-இல் அது திறக்கப்பட்டது. விடுதலைக்குப்பின், 1958-இல் இராஜஸ்தான் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 முதல் இந்திரா காந்தி கால்வாய் எனப்படும் இது, பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து 649 கிலோமீட்டர் நீளம் வருகிறது. மணற்காட்டில் கோதுமையும் பருத்தியும் விளைந்தன. ஆனால், அளவின்றிப் பாய்ச்சிய இடங்களில் நீர் தேங்கி உப்புப் பூத்து நிலம் கெட்டது. நீர் மிகுந்ததும் பழைய கணக்கு மறந்துபோயிற்று.

உலகின் மறுகோடியிலும் இதே பாடத்தைக் காணலாம். அமெரிக்காவின் மேற்குப் பாலை மாநிலமாகிய நெவாடா, அந்நாட்டில் மிகக் குறைந்த மழை பெறுவது. 1859-இல் வெள்ளிச் சுரங்கம் கண்டறியப்பட்டதும் மக்கள் குவிந்தனர். 1864-இல் அது மாநிலமாயிற்று. 1935-இல் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை எழுந்தது. லாஸ் வேகாஸ் பெருநகரமாக வளர்ந்தது. ஆற்றுநீரைப் பங்கிட்ட 1922-ஆம் ஆண்டு ஒப்பந்தமோ மழை மிகுந்த ஆண்டுகளின் கணக்கை நம்பி எழுதப்பட்டது. 2022-இல் அணையின் நீர்த்தேக்கம் அது முதன்முதல் நிரம்பிய காலத்துக்குப்பின் காணாத அளவுக்குத் தாழ்ந்தது. வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்தரைகளை அகற்றவேண்டும் என்று 2021-இல் நெவாடா சட்டம் இயற்ற நேர்ந்தது. ஜெய்சல்மேர் மூதாட்டி ஒருத்தி பாத்திரத்தை மணலால் துலக்கி, சிறிதளவு நீரால் அலசி, அந்த நீரையும் செடிக்கு ஊற்றியதை நான் கண்டிருக்கிறேன். செல்வ நாடு சட்டமியற்றிக் கற்றதை அவர் தாயிடம் கற்றிருந்தார்.

நம் நிலை யாது? உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பராமரிக்கவென்றே 'ஏரி வாரியம்' என்னும் குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தனர். அக்கல்வெட்டைப் படாளத்திலிருந்து ஒரே பொழுதில் சென்று கண்டு திரும்பலாம். அத்தகைய மரபில் வந்த நாம், 2019-ஆம் ஆண்டுக் கோடையில், தலைநகரின் தாகம் தணிக்கச் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவந்தோம். ஆறு பங்கு மழை பெறும் நாடு நம்முடையது என்பதை இப்போது நினைவுகூருங்கள். மழை குறைந்ததுமட்டுமே காரணமன்று. வரத்துக்கால்களை அடைத்தோம், ஏரிகளைத் தூர விட்டோம், ஆற்றுமணலை அள்ளினோம். முல்லை பாலையாவது மழையினால் மட்டும் நேர்வதன்று.

கடைசி வரிசை மாணவனே, நீ இன்று நடுவயதினனாய் எங்கோ இருப்பாய். நீ கேட்ட கேள்விக்கு விடை இது: அவர்கள் 800 ஆண்டுகளாகக் குடித்தது மழைநீரைத்தான், நம்மைவிட எண்ணிக் குடித்தார்கள். காலம் தாழ்த்தியதற்கு என்னைப் பொறுத்துக்கொள்.

இதைக் கேட்கும் இளையோர்க்கு ஒரு வேண்டுகோள். இந்த மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஏரிக்கரைமீது ஒருமுறை நடந்து பாருங்கள். அதற்கு நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே போகிறது, இடையில் எங்கே தடைப்பட்டுள்ளது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வரலாற்றுப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.