விதைமூலம்: நிலமும் பொழுதும்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். விதைமூலத்தைப் பார்த்தே ஆகணும் என்கிறார்கள் காடு வளர்ப்பவர்கள். நெல்லென்றால் ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்துக்கு விதையை மாத்திக்கலாம். பைன் போட்டால் 60, 80 வருஷம் காத்துக் கிடக்கணும். தப்பான விதை என்று தெரியவரும்போது போட்டவர் இருக்கமாட்டார். இந்த நீண்ட இடைவெளிக்குள் விஞ்ஞானம் மட்டுமில்லை, அரசியலும் புகுந்துகொண்டது என்பதுதான் என் வாதம்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், வெட்டித் தீர்த்த காட்டை மறுபடி உண்டாக்குவதற்காகப் பைன் விதை பெரிய வியாபாரச் சரக்கானது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பக்கத்திலிருந்து பால்டிக் கரைவரை விதை போயிற்று. விலை மலிவா, முளைக்குமா, இவ்வளவுதான் கேள்வி. எங்கே பொறுக்கினதுன்னு யாரும் கேக்கலை. அங்கே மரங்கள் கோணலும் மாணலுமாக வளர்ந்தன. ஏறக்குறைய அதே காலத்தில், 1820களில், பிரான்சின் லே பார் என்ற இடத்தில் வில்மோரன் என்பவர் பல ஊர்ப் பைன் விதைகளை ஒரே மண்ணில் போட்டுப் பார்த்தார். மண் ஒன்றாக இருந்தும் மரங்கள் ஒன்றாகவில்லை. 1907இல் பல நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து இதே சோதனையைப் பெரிய அளவில் தொடங்கின. குளிருக்கு முன் வளர்ச்சியை எப்போது நிறுத்துவது என்பது மரத்தின் மரபில் இருக்கிறது. பகல் குறைவதை வைத்து அது கணக்குப் போடுகிறது. தெற்கத்தி மரத்தை வடக்கே கொண்டுபோனால் உறைபனி வரும்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும், நுனி கருகும். ஆகவே ‘உள்ளூர் விதையே நல்லது’ என்றார்கள். நியாயமான முடிவுதான்.

ஆனால் ஓர் அறிவு, தான் பிறந்த சோதனைத் தோட்டத்துக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. பைன் வகைகளைக் குறிக்க ஜெர்மானிய வனவியலார் பயன்படுத்திய சொல் ‘இனம்’. மனிதர்களைப் பிரிக்கப் பயன்பட்ட அதே சொல். 1934 டிசம்பரில் ஹிட்லர் அரசு காட்டு மரங்களுக்கென ஓர் இனச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது காட்டு நிர்வாகத்தின் தலைவர் கோரிங். அங்கீகரிக்கப்பட்ட தோப்புகளில் மட்டுமே விதை எடுக்கலாம். தாழ்ந்த இனம் என்று தீர்மானிக்கப்பட்ட தோப்புகளை அழிக்கலாம். 1933இன் கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கும் 1935இன் நியூரம்பர்க் சட்டங்களுக்கும் நடுவே இது வருகிறது. இந்தத் தேதிகளைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அதற்காக வில்மோரன் கண்டது பொய்யாகிவிடாது. குளிருக்கும் மரபுக்கும் உள்ள உறவு, தூய்மை பற்றிய சொல்லாடலாக மாற்றப்பட்டதுதான் பிரச்சினை.

தமிழ் படித்தவனுக்கு இங்கே தொல்காப்பியம் ஞாபகம் வருவது இயல்பு. முதற்பொருள் என்று அது சொல்வது நிலம் மட்டுமல்ல, நிலமும் பொழுதும். ‘மண்ணுக்குரியது’ என்று பேசுகிறவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பொழுதை விட்டுவிடுகிறார்கள். உள்ளூர் விதை நல்லதாக இருந்ததற்குக் காரணம் அந்த ஊரின் பொழுது அதிகம் மாறாமல் இருந்ததுதான். இப்போது நிலம் அங்கேயே இருக்கிறது, பொழுது நகர்ந்துவிட்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா இதற்குச் சாட்சி. கடுங்குளிரில் செத்துப்போகிற பைன் வண்டுகள் 1990களின் கடைசியிலிருந்து பெருகி, சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்தன. அங்கே 1974இலேயே, 140 ஊர்களின் லாட்ஜ்போல் பைன் விதைகளை 60 இடங்களில் நட்டிருந்தார்கள். நட்டவர்கள் மனசில் புவி வெப்பம் இல்லை. ஆனால் எந்த மரம் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதற்குப் பின்னாளில் அதுவே ஆவணமானது. 2010இல் வெஸ்டர்ன் லார்ச் மரத்தை அதன் இயல்பான எல்லைக்கு வடக்கே நட அனுமதித்தார்கள். 2018இல் விதையின் ஊரைவிட்டு, ஊரின் தட்பவெப்பத்தை அளவுகோலாக்கினார்கள். இதிலும் சிக்கல் உண்டு. 2080இன் வெயிலுக்கேற்ற கன்று, நட்ட வருஷத்துப் பனியைத் தாண்டணுமே! ஆகவே ஒரே தாவலாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விதையை நகர்த்த முடிகிறது.

அப்படியானால் மண்ணைவிட்டுக் கிளம்பிய விதை அதிகாரத்தையும் விட்டுவிட்டதா? இல்லை. அந்த மாகாணத்தின் பெரும்பகுதி, பூர்வகுடிகள் எந்த ஒப்பந்தத்திலும் எழுதிக்கொடுக்காத நிலம். எந்த மரம் எங்கே போகணும் என்பதை அங்கே யார் தீர்மானிப்பது?

நம் பக்கத்திலும் பாருங்கள். தென்னிந்தியாவில் நிறைந்த ‘மைசூர் கம்’ தைலமரம், திப்பு காலத்தில் நட்டதாகச் சொல்லப்படும் நந்தி மலை மரங்களின் வழிவந்தது. சில மரங்களின் விதை ஏக்கர் கணக்கில் பரவியது. பிறகு ஆஸ்திரேலியாவின் பெட்போர்டு போன்ற இடங்களிலிருந்து வந்த விதை நன்றாக வளர்ந்ததும், விதைமூலம் முக்கியம் என்றார்கள். ஆனால் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அந்த நிலத்தை நம்பியிருந்தவர்களுக்குத் தைலமரமே வேணுமா என்ற கேள்வி, எந்த ஊர்த் தைலமரம் என்ற கேள்விக்குள் காணாமல் போயிற்று.

விதையை நகர்த்தத்தான் வேண்டும். இல்லையென்றால் காடு சாகும். நான் கேட்பது இவ்வளவுதான். விதையின் ஊர் எது என்று எழுதிவைக்கும் பதிவேட்டில், அதை நடச் சொன்னது யார், யார் நிலத்தில், யாரைக் கேட்டு என்பதையும் எழுதிவையுங்கள். 80 வருஷம் கழித்து வருகிறவர்களுக்கு மரம் மட்டும் போதாது, பதிலும் வேண்டும்.