காவிரித் தூர்வாரலும் மண்வெட்டியும்

மண்வெட்டி என்பது மண்ணை வெட்டவும் அள்ளவும் வரப்பு அணைக்கவும் உதவும் கைக்கருவி. பேச்சுவழக்கில் மம்மட்டி, மம்பட்டி, மம்முட்டி என ஊருக்கு ஊர் மாறி ஒலிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்த திருவரங்கத்திலும் தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியிலும் இக்கருவியின் வரலாறு ஆற்று மணலின் வரலாற்றோடு சேர்ந்தே நடந்தது. ஆண்டுதோறும் வாய்க்காலில் படியும் மணலையும் வண்டலையும் அள்ளாவிட்டால் மறு ஆண்டு வயலுக்கு நீர் ஏறாது. அதனால் எந்த மண்ணுக்கு எந்தக் கருவி என்பது இப்பகுதியில் விளைச்சலைத் தீர்மானிக்கும் கேள்வியாக இருந்தது.

ஆறும் மணலும்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே தொடர்கிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் மிகுதி. நீர் இயல்பாக அந்தப் பக்கமே ஓடும். வேகம் குறைந்த காவிரிக் கிளையிலோ மணல் தங்கி மேடிடும். மேடிட்டால் நீர் இன்னும் குறையும், நீர் குறைந்தால் மணல் இன்னும் தங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதியின் பாசனம் இப்படித்தான் நலிந்துகொண்டிருந்தது.

1804இல் இதை ஆராய அமர்த்தப்பட்டவர் இராணுவப் பொறியாளர் கேப்டன் கால்டுவெல். (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய இராபர்ட் கால்டுவெல் வேறு, மாணவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வதுண்டு.) அவர் கல்லணையின் மேல் கற்களை உயர்த்திக் கட்டச் செய்தார். அணை உயர்ந்ததும் அதன் பின்னே மணல் மேலும் தேங்கியது. அடுத்து வந்த ஆர்தர் காட்டன் 1830 அளவில் கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்தார். அடிமட்டத்தில் திறக்கும் இந்த மதகுகள் வழியாக வெள்ளமே மணலை இழுத்துக்கொண்டு வெளியேறும். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை எழுந்தது. ஆழங்காணா மணல்மீது அடித்தளம் போடும் வித்தையைப் பழைய கல்லணையைப் பார்த்தே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

பேராற்றின் மணலை மணற்போக்கி பார்த்துக்கொண்டது. ஆனால் ஆற்றிலிருந்து பிரியும் நூற்றுக்கணக்கான வாய்க்கால்களுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. பேட்டவாய்த்தலையில் பிரிந்து திருச்சி நகரின் ஊடே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் முதலாம் இராசராசனின் சிறப்புப் பெயரைத் தாங்கியது. அது ஆயிரம் ஆண்டு நீடித்ததற்குக் காரணம் வெட்டியவர்கள் மட்டுமல்லர். ஒவ்வொரு கோடையிலும் தூர் அள்ளியவர்களும்தான். கல்வெட்டில் பெயர் இருப்பது முன்னவருக்கு.

இழுக்கும் கருவி, தள்ளும் கருவி

மண் அள்ளும் கருவிகள் உலகெங்கும் இரு வகை. ஐரோப்பிய சவல் தள்ளும் கருவி. தகடும் காம்பும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கும். மண் வெட்டும் வகையைக் காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்குவார்கள். அதற்குக் காலில் கனத்த தோல் பூட்ஸ் வேண்டும். மண்வெட்டி இழுக்கும் கருவி. தகடு காம்புக்குக் குறுங்கோணத்தில் நிற்கும். ஓங்கி வீசும்போது தகட்டின் எடையே மண்ணைப் பிளக்கிறது. பிறகு தன்பக்கம் இழுத்தால் மண் கூடைக்குள் விழுகிறது. வெறுங்காலில் நிற்பவருக்கும் தலைச்சுமைக் கூடைக்கும் பொருந்திய வடிவம் இதுவே. இங்குள்ளவர்களுக்குச் சவல் தெரியாததால் மண்வெட்டி நிலைத்தது என்று எண்ணுவது சரியன்று. மிதிக்கப் பூட்ஸ் இல்லாதவருக்கு அந்தச் சவலால் பயனில்லை.

வெள்ளையரும் இதை விரைவில் உணர்ந்தனர். 1886இல் வெளிவந்த 'ஆப்சன்-சாப்சன்' அகராதி 'மமூட்டி' என்ற சொல்லுக்குத் தனிப் பதிவு தந்து, தமிழ் 'மண்வெட்டி'யே அதன் மூலம் என்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே மக்கள் வழக்கில் இல்லாத இச்சொல், படைத்தளவாடப் பட்டியல்கள் வழியாக இந்தியா முழுதும் பரவியதாகவும் அது கூறுகிறது. தொகுத்த இருவருள் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் இச்சொல் வழங்குகிறது.

மண்ணுக்கேற்ற தேர்வு

காவிரிக் கரையில் ஒரே நாளில் நான்கு வகை மண்ணைச் சந்திக்கலாம். சித்திரை வெயிலில் காய்ந்த ஆற்று மணல் தளர்ந்தது; வெட்ட வேண்டியதில்லை, அள்ளினால் போதும். இதற்கு அகன்ற தகடு ஏற்றது. ஓரம் உயர்ந்த சவல் இன்னும் நல்லது, ஏனெனில் உலர் மணல் மண்வெட்டித் தகட்டிலிருந்து இரு பக்கமும் வழிந்துவிடும். கட்டுமான வேலையில் மணலுக்கும் ஜல்லிக்கும் சவல் நிலைபெற்றதன் காரணமும் அதுதான்.

வாய்க்காலின் ஈர வண்டல் வேறு மாதிரி. அகன்ற தகட்டில் அள்ளினால் ஒட்டிக்கொள்ளும், கை சோர்ந்துபோகும். சற்றுக் குறுகிய, மெல்லிய விளிம்புள்ள தகட்டை அவ்வப்போது நீரில் நனைத்து வெட்டுவது வழக்கம். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த களிமண்ணில் மண்வெட்டி முதலில் இறங்கவே இறங்காது. கடப்பாரையாலோ குந்தாலியாலோ நெம்பிப் பெயர்த்த பின்பே அதற்கு வேலை. நான்காவது, நாற்று நடுமுன் வயலில் அண்டை வெட்டும் சேறு. இங்கே தகடு காம்பை நோக்கி நன்றாக மடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் சேறு நழுவாமல் வரப்பில் அப்பும்.

காம்பின் நீளமும் முக்கியம். குட்டைக் காம்பு அண்டை வெட்ட வசதி, ஆனால் நாள் முழுதும் குனிந்த முதுகு. நீளக் காம்பு முதுகைக் காக்கும். குறுகிய வாய்க்காலுக்குள் வீச இடம் தராது. காம்புக்குக் கருவேல மரம் விரும்பப்பட்டது. மழுங்கிய தகட்டைக் கொல்லர் பட்டறையில் காய்ச்சி, தட்டி, தோய்ச்சல் கொடுத்து மீட்டார்கள். 1925 முதல் ஜாம்ஷெட்பூரில் டாடா அக்ரிகோ பெயரில் ஆலைத் தகடுகள் வரத் தொடங்கின. பட்டறையின் வேலை படிப்படியாகக் காம்பு பொருத்துவதாகவும் விளிம்பு தட்டுவதாகவும் சுருங்கியது.

பனி பெய்யும் நாடுகளிலும் இதே கணக்குத்தான். புதிதாகப் பெய்த பஞ்சுப்பனிக்கு அகன்ற தள்ளுபலகை, நீர் ஏறிய கனத்த பனிக்குச் சிறிய அள்ளுகருவி, உறைந்து இறுகியதற்கு எஃகு விளிம்பு. கனடாவில் குடியேறிய தமிழருக்கு முதல் குளிர்காலம் கற்றுத்தரும் பாடம், களிக்கும் மணலுக்கும் வேறுபாடு தெரிந்த உழவருக்குப் புதிதாக இராது.

எடையின் கணக்கு

கருவியைப் பொருளுக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதை ஆலைக்குள் அளந்து காட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடெரிக் டெய்லர். பெத்லகேம் எஃகு ஆலையில் 1898 முதல் 1901 வரை பணியாற்றியபோது, தொழிலாளர் தத்தம் சவலையே கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதைக் கண்டார். ஒரே சவலில் நுண்கரி அள்ளினால் சுமை 3.5 பவுண்டு, இரும்புத்தாது அள்ளினால் 38 பவுண்டு. சோதித்துப் பார்த்ததில் ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ இருந்தால்தான் நாள்வேலை மிகுதி என்று தெரிந்தது. தாதுவுக்குச் சிறியது, சாம்பலுக்குப் பெரியது என ஆலையே சவல்களை வாங்கி வைத்தது. 400 முதல் 600 பேர் செய்த வேலையை 140 பேர் செய்தனர். மிச்சமானவர்களின் கதை அந்தக் கணக்கில் வராது.

காவிரிக் கரையில் அப்படிக் கருவி வாங்கி வைத்தவர் எவரும் இல்லை. ஒரு கிலோமீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் கொண்ட வாய்க்காலில் முப்பது சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் அது 900 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஈர மணல் சுமார் 1900 கிலோ. கூடைக்கு 20 கிலோ என்றால் 95 நடை. மொத்தம் 85,500 நடை, அதுவும் கரை ஏறி. கூலியாள் வீட்டில் இருந்தது ஒரே மண்வெட்டி. மணலோ களியோ, அதையேதான் தூக்கி வந்தார்.

வெட்டியும் குடிமராமத்தும்

சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது கூலியில்லா உழைப்புக் கடமையைக் குறிக்கும். மண்வெட்டியில் உள்ள 'வெட்டி' அன்று இது. வடமொழி 'விஷ்டி'யின் திரிபு. ஒலி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். உத்திரமேரூரில் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் ஏரி வாரியம் போன்ற அமைப்புகள் நீர்நிலைப் பராமரிப்பைக் கவனித்தன. முடிவெடுத்தவரும் மண் சுமந்தவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். வைகைக் கரை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு விதிக்கப்பட, ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்த திருவிளையாடல், இந்தக் கடமை முறை மக்கள் நினைவில் எவ்வளவு ஆழப் பதிந்தது என்பதற்குச் சான்று. மதுரைப் பிட்டுத் திருவிழாவில் இன்றும் இறைவன் மண்வெட்டியும் கூடையும் ஏந்துகிறார்.

ஆங்கிலேயர் இவ்வழக்கத்தைக் குடிமராமத்து என்ற பெயரில் ஏற்றனர். 1858ஆம் ஆண்டின் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் கரை உடைப்பு, தூர்வாரல் போன்றவற்றுக்கு ஊரார் ஆள் தர வேண்டும் என்று சட்டக் கட்டாயமாக்கியது. நிலம் மிராசுதாரருடையது, சேற்றில் இறங்கியவர் பண்ணையாள். நீரின் பயன் ஒருவருக்கும் கூடையின் சுமை இன்னொருவருக்கும் ஆனதால், வாய்ப்புக் கிடைத்தபோது ஆட்கள் இதிலிருந்து விலகியதில் வியப்பில்லை. குடிமராமத்து நலிந்ததைக் கிராம ஒற்றுமை கெட்டதாக மட்டும் எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை.

இன்று

1934இல் மேட்டூர் அணை வந்தபின் மணலின் பெரும்பகுதி மேலேயே தங்கியது. வாய்க்கால் வண்டல் மட்டும் நிற்கவில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மீட்டுத் தூர்வாரல் திட்டமொன்றைத் தொடங்கியது. இப்போது பெரும் வேலையைப் பொக்லைனும் ஜேசிபியும் செய்கின்றன. நூறு நாள் வேலையில் கூலி வெட்டிய அளவைப் பொறுத்திருந்தது. மண்ணின் கடினத்துக்கு ஏற்ப அளவு மாறியது, மண்வெட்டி பெரும்பாலும் அவரவருடையதாக இருந்தது. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் இயந்திரம் போன பிறகு, அதன் கை எட்டாத மதகின் அடியிலும் குழாய் வாயிலும் தங்கிய சேற்றை இழுக்க, விளிம்பு தட்டிய மண்வெட்டிகளோடு ஆட்கள் இறங்குகிறார்கள்.