76 பைட்

1986 அக்டோபர் 1, புதன்கிழமை, பிற்பகல் மூன்றே கால். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் ஒருவருக்கு மெயில் போகவில்லை. அதே அறையில் இருந்த மாரியோ வோல்ச்கோவைக் கூப்பிடுகிறார். பிழைச்செய்தியில் ஒரு பயனர் எண் இருக்கிறது. அது யாருடையது என்று பாஸ்வேர்டு ஃபைலில் தேடினால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது கணினி. சரி, அந்த டைரக்டரியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க 'எல்எஸ்' அடித்தால், எல்எஸ்ஸே இல்லை.

சிஸ்டம் மேனேஜரின் அறைக்குப் போகிறார். மேனேஜர் தலையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த சிஸ்டம் புரோகிராமர். திரையில் இரண்டே வரி. முதல் வரி 'சிடி': என்னை என் வீட்டுக்குக் கொண்டுபோ. இரண்டாவது வரி 'ஆர்எம் -ஆர்எஃப் *': இங்கே இருப்பதையெல்லாம் கேள்வி கேட்காமல் அழி. சாதாரணப் பயனருக்கு வீடு என்றால் அவருடைய சின்ன டைரக்டரி. ரூட்டுக்கு வீடு என்பது மொத்த மரத்தின் வேர்.

யாரோ சுதாரித்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த நட்சத்திரக் குறி பெயர்களை அகர வரிசையில்தான் அடுக்கும். /பின், /டெவ், /எட்சி, /லிப் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. 'டி', 'யு' என்று பின்னால் வருகிற /டெம்ப், /யூஎஸ்ஆர், /யூசர்ஸ் தப்பின. முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் சிலர் அந்த வாக்ஸ் கணினியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய எழுத்தைக் காப்பாற்றியது ஆங்கில நெடுங்கணக்கு என்று சொன்னால் மிகையில்லை.

வோல்ச்கோ இந்தக் கதையைப் பிறகு யூஸ்நெட்டில் எழுதினார். யூனிக்ஸ் ஆட்கள் நடுவே இன்றும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் சிரிப்பதற்காகத்தான் அதைப் பகிர்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அலமாரியில் பேக்கப் டேப் இருந்தது. நான்கு வாரம் பழையது, ஆனாலும் ரூட் ஃபைல்சிஸ்டத்தின் டேப்தான். அப்புறம் என்னய்யா பிரச்சினை?

டேப்பைப் படிக்க 'ரீஸ்டோர்' வேண்டும். அது இருந்தது /எட்சியில். டேப் டிரைவைத் தொட /டெவ்வில் அதற்கான என்ட்ரி வேண்டும். /டெவ் போய்விட்டது. புதிதாக உண்டாக்கலாமென்றால் அதற்கான 'எம்கேநோட்' கட்டளையும் /எட்சியில். பக்கத்து வாக்ஸிலிருந்து நெட்வொர்க்கில் கொண்டுவரலாமா? 'ஆர்சிபி' இருந்தது /பின்னில். நெட்வொர்க் வேலை செய்ய /எட்சியில் ஹோஸ்ட்ஸ் ஃபைல் வேண்டும். ஒரு குட்டி புரோகிராம் எழுதலாமென்றால் கம்பைலரும் அழிந்திருந்தது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதுபோல, பேக்கப்பைத் திறக்கும் கருவிகள் அத்தனையும் பேக்கப்புக்குள்ளேயே இருந்தன.

மிச்சமிருந்த வழி, பூட் டேப்பைப் போட்டு ரூட்டைப் புதிதாகக் கட்டுவது. அங்கிருந்த யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை. மொத்த டிஸ்க்கும் ஃபார்மட் ஆகிவிடுமோ என்று பயம். பயனர் ஃபைல்களை வாராவாரம் வியாழக்கிழமை பேக்கப் எடுப்பார்கள். அன்றைக்குப் புதன். ஃபார்மட் ஆனால் ஒரு வார ஆய்வேடு காலி.

இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். என் கல்லூரி ஹாஸ்டலில் எல்லோரிடமும் விண்டோஸ் எக்ஸ்பி. ஒருநாள் காலையில் கறுப்புத் திரையில் 'என்டிஎல்டிஆர் இல்லை' என்று வரும். உடனே யாராவது ஒருத்தன், "ஃபார்மட் அடிச்சிருடா" என்பான். எல்லா நோய்க்கும் அதுவே மருந்து. அந்த ஒரு ஃபைல் எக்ஸ்பி சிடியிலேயே ஐ386 ஃபோல்டரில் கிடக்கும். ரிகவரி கன்சோலுக்குள் போய் ஒரு வரி காப்பி கட்டளை அடித்தால் போதும். எங்கள் பிளாக்கில் அதைத் தெரிந்துவைத்திருந்தவர் ஒரே ஒரு சீனியர். அவர் ஊருக்குப் போயிருந்தால் அன்றைக்கு யாருடைய படங்களோ பாட்டுகளோ காலி.

"மொத்தமா போடு" என்ற இந்த மனநிலை பேக்கப் கருவிகளிலேயே ஊறியிருந்தது. யூனிக்ஸின் 'டம்ப்' முழு ஃபைல்சிஸ்டத்தை நினைத்து எழுதப்பட்டது. டேப்பில் முதலில் டைரக்டரிகள் வரும், பிறகு ஃபைல்கள், அவற்றின் ஐநோட் எண் வரிசையில். டிஸ்க்கே செத்துப்போனால் அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு ஃபைல் வேண்டுமென்றால்? 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், 'ரெஸ்டார்' அந்த ஃபைலைத் தேடி எடுத்துத் தரும், ஆனால் அதன் பெயரில் அல்ல. ஐநோட் எண்ணையே பெயராக வைத்துப் போட்டுவிட்டுப் போகும். பாஸ்வேர்டு ஃபைலைக் கேட்டால் கையில் ஏதோ ஒரு எண் வந்து விழும். பெயர் மாற்றுவது உங்கள் பாடு. 1983இல் 4.2 பிஎஸ்டி வந்தபோதுதான் டேப்புக்குள் நடந்து போய்ப் பார்க்கும் வசதி வந்தது. டைரக்டரி டைரக்டரியாக நுழைந்து, வேண்டியதை மட்டும் குறித்து, எடு என்று சொல்லலாம்.

மான்செஸ்டரில் ஓடிக்கொண்டிருந்தது அதற்கும் அடுத்த 4.3. வசதியெல்லாம் உண்டு, அதைத் தொட வழிதான் இல்லை. கையிலிருந்தது என்ன? வோல்ச்கோவின் திரையில் ஏற்கெனவே திறந்து கிடந்த ஒரு ஈமேக்ஸ். அழித்த டெர்மினலில் இன்னும் மூடாத ரூட் லாகின். பிறகு /யூஎஸ்ஆருக்குள் ஒதுக்கப்பட்டிருந்த சில்லறைக் கட்டளைகள். அவசியம் என்று ஓரிடத்தில் சேர்த்துவைத்தவை போய், அவ்வளவு அவசியமில்லை என்று தள்ளிவைத்தவை மிஞ்சியிருந்தன. அதிலே 'எஃப்டிபி'யும் ஒன்று. அதை ஓடவைக்க /எட்சியில் நாலைந்து ஃபைல் வேண்டும், அவற்றை ஈமேக்ஸில் கையாலேயே எழுதிவிடலாம். ஆனால் /எட்சி என்ற டைரக்டரியே இல்லை. அதை உண்டாக்கும் 'எம்கேடிர்' /பின்னோடு போயிருந்தது.

வாக்ஸ் அசெம்பிளி தெரிந்த சக ஊழியர் ஒருவர் வந்து சேர்ந்தார். இன்னொரு வாக்ஸில் உட்கார்ந்து, ஒரு டைரக்டரியை உண்டாக்குவது தவிர வேறெதுவும் செய்யாத புரோகிராம் ஒன்றை எழுதினார்கள். பன்னிரண்டு வரி போல. அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பைனரியின் அளவு 76 பைட். அதை ஹெக்ஸ் எண்களாக மாற்றி, ஈமேக்ஸில் விரலால் தட்டி, மறுபடி பைனரியாக்கி, செக்சம் ஒத்துவருகிறதா என்று பார்த்தார்கள். ஒத்துவந்தது. ஆனால் புது ஃபைலுக்கு ஓடும் அனுமதி கிடையாது, அனுமதி தரும் 'சிஎச்மோட்' /பின்னில் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வோல்ச்கோவுக்குச் சொந்தமான, ஏற்கெனவே ஓடும் அனுமதி பெற்ற ஒரு பழைய புரோகிராமின் மேலேயே இதை எழுதினார்கள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

ரூட் டெர்மினலில் அதை ஓட்டினார்கள். /எட்சி வந்தது, வெறும் கூடாக. பாஸ்வேர்டு, ஹோஸ்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளே எழுதினார்கள். எஃப்டிபி உயிர்பெற்றது. பக்கத்து வாக்ஸிலிருந்து /பின் முழுவதும், /எட்சியில் தேவையான சிலவும் வந்தன. அவற்றில் முக்கியமானது 'ஆர்ரீஸ்டோர்', அதாவது வேறொரு கணினியின் டேப் டிரைவை நெட்வொர்க் வழியாகப் படிக்கும் ரீஸ்டோர். நான்கு வாரப் பழைய டேப்பை அப்போதுதான் தொட முடிந்தது. அதிலிருந்து /டெவ்வை மீட்டார்கள்.

மான்செஸ்டரைச் செத்த நெட்வொர்க்கும் ஆள்பலமும் இல்லாத இடத்தில் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி பின்னாலும் தொடர்ந்தது. 2004 ஜனவரியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 5.2இல் /ரெஸ்க்யூ என்ற டைரக்டரி புதிதாகச் சேர்ந்தது. அந்தப் பதிப்பில் /பின் கட்டளைகள் பொது லைப்ரரிகளை நம்பி ஓட ஆரம்பித்திருந்தன. லைப்ரரி கெட்டால் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிடும். அதனால் எதையும் சாராமல் தானே ஓடக்கூடிய ஒரு பைனரியைத் தனியாக வைத்தார்கள். உள்ளே இருப்பது ஒரே ஃபைல், அதற்கு நூற்றுக்கு மேல் பெயர்கள். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்தக் கட்டளையாக அது ஓடும். பட்டியலை ஒருநாள் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். எல்எஸ், எம்வி, சிஎச்மோட், எம்கேடிர் எல்லாம் இருக்கின்றன. ஆர் வரிசையில் ஆர்ரீஸ்டோரும் இருக்கிறது.