தலைமைச் செயலகமும் தலைச்சுமையும்



1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. தலைநகரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்காகச் சண்டிகர் எழுந்தது. பழைய மரபுகளின் தளை இல்லாத நகரம் என்று நேரு அதைக் கொண்டாடினார். அங்கே லெ கொர்புசியே வடிவமைத்த தலைமைச் செயலகம் 1958இல் கட்டி முடிந்தது. நீளம் 254 மீட்டர், உயரம் 42 மீட்டர். பூச்சில்லாத கான்கிரீட், வெயில் தடுக்கும் கட்டங்கள், நடந்தே மாடியேறும் சாய்தளங்கள். சாதியின் சாயலே இல்லாத கட்டடமாகத் தெரியும். அந்தத் தளை உண்மையில் அறுந்ததா?

நிலத்திலிருந்து தொடங்குவோம். நகருக்காகக் கிராம நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. நிலத்துக்கான இழப்பீடு உரிமையாளருக்குத்தான். பஞ்சாபில் உரிமையாளர் யார்? 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், அரசு பட்டியலிட்ட வேளாண் குடிகளின் நிலத்தை மற்றவர் வாங்கவிடாமல் தடுத்தது. வயலில் உழைத்த தலித் சாதிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகே அச்சட்டம் ஒழிந்தது. அரை நூற்றாண்டு நிலம் வாங்கவிடாமல் தடுத்துவிட்டு, நிலம் வைத்திருந்தவருக்கு இழப்பீடு என்றால், வெறுங்கையோடு நின்றவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து உழைப்பு. வேலை தேடி வந்த ஆண்களும் பெண்களும் கலவையைத் தலையில் சுமந்து மேலே ஏற்றினார்கள், குடிசைகளில் தங்கினார்கள். நகரின் முதன்மைத் திட்டத்தில் அவர்களுக்கு நிரந்தர இடமில்லை. 1952ஆம் ஆண்டின் புறநகர்க் கட்டுப்பாட்டுச் சட்டம், நகரைச் சுற்றியும் அனுமதியின்றிக் கட்டத் தடை போட்டது. கட்டும்போது தொழிலாளி, கட்டி முடிந்ததும் ஆக்கிரமிப்பாளர்.

அரசு ஊழியர் வீடுகளோ சம்பளப்படி 13 வகை. உயர் அதிகாரிகளின் விசாலமான வீடுகள் செயலகத்துக்கு அருகிலுள்ள வடக்கு செக்டார்களில் அமைந்தன. பியூனுக்கும் அரசு வீடு கிடைத்தது. அது சிறிய காரியமல்ல. ஆனால் பதவி இறங்க இறங்க வீடு சிறுத்தது. ஊர், சேரி என்ற பெயர்கள் போயின. படிநிலை வரைபடத்தில் தங்கிவிட்டது.

அந்தச் செயலகத்தின் மேசைகளில் நம் மக்கள் அமர வழி திறந்தது எது? அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 16(4) பிரிவு. கான்கிரீட் தானாகக் கதவைத் திறக்கவில்லை.

2016இல் யுனெஸ்கோ அந்தக் கட்டட வளாகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 'லெ கொர்புசியேயின் கட்டடக்கலைப் படைப்புகள்' என்ற தலைப்பின் கீழ்தான் அது இடம்பெற்றிருக்கிறது. சுமந்தவர் பெயர் எதுவும் தலைப்பில் இல்லை.

நீங்கள் மனுவோடு எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் மூன்று கேள்விகளையும் கொண்டு போங்கள்: இது யார் நிலம்? யார் சுமந்தார்கள்? எந்த மேசையில் யார் அமர்ந்திருக்கிறார்கள்? நம் வரலாற்றை அங்கிருந்தே எழுதத் தொடங்கலாம்.